பட்ஜெட்டில் பள்ளிச் செலவைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பயிலரங்கில் நான்கைந்து இளைஞர்கள் தமிழக பட்ஜெட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2025-26இல் பள்ளிக்கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய். அதை அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கையால் வகுத்து, 'ஒரு பிள்ளைக்கு இவ்வளவு' என்று பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் போட்ட அதே கணக்கு! லட்சம்-கோடிக் குழப்பம், சைபர் விட்டுப்போவது எல்லாம் ஒருமுறை சொன்னால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துறையின் பணத்தைப் பள்ளியின் பணம் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு துறை தன் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. பள்ளிக்கல்விக்கான 43ஆம் எண் கோரிக்கை ஒரு துறையின் கணக்கு, அவ்வளவுதான். அரசு உதவிபெறும் தனியார் பள்ளி ஆசிரியர்களின் சம்பளமும் அதற்குள் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் வைத்து வகுத்தால் எண் வீங்கிவிடும்.

இன்னொரு பக்கம், ஏதாவது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குள் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் காலையில் சாப்பிடும் உப்புமாவும் மதியச் சத்துணவு முட்டையும் சமூக நலத் துறைக் கணக்கு. சுற்றுச்சுவர், வகுப்பறை, கழிப்பறை எல்லாம் பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறை வழியாக வரும். கரும்பலகை முன் நிற்கும் டீச்சரின் சம்பளம் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து. அவர் ஓய்வு பெற்றால் ஓய்வூதியம் வேறொரு மானியக் கோரிக்கைக்குப் போய்விடும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத் தனித் துறை. சென்னையில் சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலாகிறது.

இது தெரியாமல்தான் ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் கழிப்பறை கேட்டு, குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். முதல் பத்தியிலேயே என்னுடைய 'ஒரு பிள்ளைக்கு இவ்வளவு' கணக்கு. அதிகாரி அந்த வரியில் பேனாவை வைத்து, "உதவிபெறும் பள்ளிச் சம்பளத்தைக் கழிச்சீங்களா, சார்?" என்று கேட்டார். நான் கழிக்கவில்லை. அதோடு மனுவும் கீழே போய்விட்டது. "கழிப்பறை எங்க துறை இல்லை, ஊராட்சி ஒன்றியத்துல கேளுங்க." வெளியே வந்ததும் தலைமையாசிரியை, "தம்பி, நாம கழிப்பறைதானே கேட்டோம்?" என்றார். அது கட்டி முடிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை பெண் பிள்ளைகள் இடைவேளையில் வீட்டுக்கு ஓடினார்கள். பலர் திரும்பி வரவில்லை.

அதனால் முதலில் பொருளைப் பிடியுங்கள்: சுவரா, சோறா, சம்பளமா? அப்புறம் எந்தத் துறை என்று பாருங்கள். பிறகு கணக்குத் தலைப்பு, அதாவது பட்ஜெட் புத்தகத்தில் அந்த வகைச் செலவுக்கான எண்: பொதுக்கல்விக்கு 2202, கல்விக்கான மூலதனச் செலவுக்கு 4202, ஊட்டச்சத்துக்கு 2236.

மதிப்பீட்டைச் செலவு என்று எழுதுவது

பட்ஜெட் நாளில் செய்தியில் வருவது மதிப்பீடு, அதாவது இவ்வளவு செலவாகும் என்ற கணிப்பு. உண்மையில் என்ன செலவானது என்பது இரண்டு வருடம் கழித்து வரும் பட்ஜெட் புத்தகத்தில், 'கணக்குகள்' என்ற நெடுவரிசையில் இருக்கும். 2024-25க்கு 44,042 கோடி என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) செலவில் ஒன்றிய அரசுக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 40. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று அந்த ஆண்டுக்கான சுமார் 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. பிப்ரவரியில் அச்சான எண்ணைப் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வளர்ச்சி விகிதத்தோடு அப்படியே ஒப்பிடுவது

44,042 கோடி 46,767 கோடியானது 6.2 சதவீத உயர்வு. 2024-25இல் மாநிலப் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது. உடனே 'பாதிதான் உயர்த்தினார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். 11.19 என்பது விலைவாசி உயர்வைக் கழித்த பிறகு வரும் எண். பட்ஜெட் எண்ணில் விலைவாசியும் கலந்திருக்கிறது. ஆண்டும் வேறு. நடப்பு விலையிலான, அதாவது விலைவாசி உயர்வைக் கழிக்காத, மாநில உற்பத்தியை எடுத்து, அதே ஆண்டோடு ஒப்பிடுங்கள்.

பள்ளிக்குச் செலவழித்தால் அடுத்த வருடமே வளர்ச்சியில் தெரியும் என்று எதிர்பார்ப்பது

தெரியாது. இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை சம்பளம் வாங்கப் பதினைந்து வருடமாவது ஆகும்.

கொள்கை விளக்கக் குறிப்பைப் படிக்காமல் விடுவது

தன் திட்டங்களையும் செலவையும் விளக்கும் இந்தக் குறிப்பை மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடுகிறது. தமிழிலேயே இருக்கிறது. படியுங்கள்.