லாஞ்சர் வழியே திறக்கும் கேமில் ஃபிரேம் பிடிக்க
கேமின் ஒரு ஃபிரேமைப் பிடித்து அது எப்படி வரையப்படுகிறது என்று அலசும் கருவியான ரெண்டர்டாக்கில் எஃப்12 தட்டியும் ஃபிரேம் சிக்கவில்லை என்றால், லாஞ்ச் செய்வதற்கு முன் 'கேப்சர் சைல்டு ப்ராசஸஸ்' பெட்டியில் ஒரு டிக் போட்டுவிடுங்கள். பல கேம்களில் நாம் திறக்கும் எக்ஸ்இ வெறும் லாஞ்சர்தான், படம் வரைவது அது கிளப்பிவிடும் இன்னொரு ப்ராசஸ், அதுதான் சைல்டு. ரெண்டர்டாக்கோ தான் திறந்ததற்குள் மட்டும்தான் நுழையும், அதுவும் கேம் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்3டியோ வல்கனோ தொடங்குவதற்கு முன்பே நுழைந்தாக வேண்டும், பாதியில் போய் ஒட்டிக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் நடக்காது. சரியாக நுழைந்துவிட்டால் கேம் விண்டோவின் மேல் இடது மூலையில் ஃபிரேம் எண் ஓடும்.

ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டீம் ஆப்பே கேமைத் திறந்தால் இந்த டிக் உதவாது, அப்போது அந்த கேம் உங்கள் லாஞ்சரின் சைல்டே இல்லை. டைரக்ட்எக்ஸ் 9 கேமென்றால் முயற்சியே வேண்டாம், ரெண்டர்டாக் அதை ஆதரிப்பதில்லை.