ஒவபெயின் கொடுத்த சிறுநீரகச் செல்: பம்ப் அடைபட்டதா, எண்ணிக்கையே குறைந்ததா?

சோடியம்–பொட்டாசியம் பம்ப் என்பது செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் சவ்வுப் புரதம். ஒவபெயின் போன்ற கார்டியாக் கிளைகோசைடுகள் (இதயத்தின் மீது செயல்படும் தாவர வேதிப்பொருள்கள்) அதை இரண்டு வழிகளில் முடக்கும். பம்பின் வெளிப்பக்கத்தில் ஒட்டி அதை அடைப்பது ஒன்று. சில மணி நேரத்தில் பம்பையே செல் சவ்விலிருந்து செல்லுக்குள் இழுத்துவிடுவது இன்னொன்று. பம்ப் பொட்டாசியத்தைப் போலவே உள்ளே இழுக்கும் ருபீடியத்தின் உறிஞ்சலை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிரித்தறிய இரண்டு சோதனைகள் தேவை.

பன்றிச் சிறுநீரகச் செல்லான எல்எல்சி-பிகே1 நல்ல தேர்வு. எலிச் செல் வேண்டாம். அதன் பம்பில் ஒவபெயின் ஒட்டும் பகுதியான ஆல்ஃபா1 துணையலகு மருந்தை எளிதில் பற்றாது. பாதி அடைபடவே 100 மைக்ரோமோலார் அளவு பிடிக்கும்.

10 மில்லிமோலார் கரைசலுக்கு 72.9 மில்லிகிராம் ஒவபெயினை 10 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். இது எட்டு நீர் மூலக்கூறு கொண்ட வடிவத்தின் கணக்கு (மோலார் நிறை 728.8). நீரற்றதன் 584.6-ஐ வைத்து எடை போட்டால் செறிவு 20 சதவீதம் குறையும். அடிக்கடி நடக்கும் பிழை இது.

செல்களை டிரான்ஸ்வெல் சவ்வில் (கிணற்றை மேல், கீழ் அறைகளாகப் பிரிக்கும் நுண்துளைத் தாங்கி) இடைவெளியில்லாமல் வளர்த்து, மருந்தைக் கீழ் அறையில் விடுங்கள். பம்ப் செல்லின் அடிப்பக்கச் சவ்வில் இருக்கிறது. மேலிருந்து விட்டால் செல்களுக்கிடையேயான இறுக்கமான இணைப்புகள் தடுத்துவிடும். 100 நானோமோலார், 12 மணி நேரம். மருந்தில்லாத கிணறுகளும் கூடவே ஓட வேண்டும். வளர்ப்பு ஊடகத்தின் பொட்டாசிய அளவை மாற்றாதீர்கள். அது கூடினால் ஒவபெயின் ஒட்டுவது குறையும்.

முதல் சோதனைக்கு, பொட்டாசியத்துக்குப் பதில் அதே அளவு ருபீடியம் குளோரைடு உள்ள கரைசலை 5 நிமிடம் கொடுங்கள். ஒவ்வொரு நிலையிலும் சில கிணறுகளில் 1 மில்லிமோலார் ஒவபெயினை அரை மணி முன்பே சேர்த்துவிட வேண்டும். அவற்றில் நுழைவது பம்ப் வழியாக வராத ருபீடியம். மொத்தத்தில் அதைக் கழித்தால் பம்பின் பங்கு. பனிக்குளிரான 100 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடில் நான்கு முறை கழுவி, அணு உறிஞ்சல் கருவியில் அளவிடுங்கள். கழுவல் மெதுவானால் செல்லுக்குள் போனது கசியும். ஒரு தட்டை 1 நிமிடத்துக்குள் முடியுங்கள்.

இந்த அளவு குறைந்தது மட்டும் பம்ப் உள்ளே போனதாகச் சொல்லப் போதாது. ஒட்டிய ஒவபெயின் பன்றிப் பம்பிலிருந்து மெதுவாகத்தான் விலகும். கழுவிய பிறகும் அடைப்பு நீடிக்கும். ஆகவே இன்னொரு தொகுதியில், 4 டிகிரியில், செல் சவ்வைக் கடக்காத பயோட்டினை (புரதங்களில் ஒட்டும் குறி மூலக்கூறு) கீழ் அறையில் விட்டு, மேற்பரப்புப் புரதங்களைக் குறியிடுங்கள். மிச்சத்தை 100 மில்லிமோலார் கிளைசினால் முடக்கி, செல்களைச் சிதைத்து, பயோட்டினைப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளில் பிடித்து, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) ஆல்ஃபா1-ஐப் பாருங்கள். மணிகளோடு செல்லின் உட்புறப் புரதமான ஆக்டினும் பட்டையாக வந்தால் பயோட்டின் செல்லுக்குள் புகுந்திருக்கிறது. அந்தத் தொகுதியைத் தூக்கிப் போடுங்கள்.

மேற்பரப்பு ஆல்ஃபா1 குறைந்து மொத்த அளவு அப்படியே இருந்தால் பம்ப் உள்ளே போயிருக்கிறது. மேற்பரப்பும் மாறாமல் உறிஞ்சல் மட்டும் குறைந்தால் அது வெறும் அடைப்பு. செல்லின் மேல் சவ்வில் உள்ள என்ஹெச்இ3 என்ற சோடியம்–ஹைட்ரஜன் பரிமாற்றியையும் பார்க்க விரும்பினால், தனிக் கிணறுகளில் பயோட்டினை மேல் அறையில் விடுங்கள்.