சதவீத இயைபிலிருந்து வாய்பாடு காணும் முறை

தருமபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதையும், அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிவதையும், அதற்காகவே ஒகேனக்கலிலிருந்து காவிரி நீர் குழாய் வழியே வந்ததையும் இப்பகுதி மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஃபுளூரைடு பாறைக் கனிமங்களிலிருந்து கரைந்து வருவது. ஃபுளூரின் உள்ள கனிமங்களுள் ஒன்றான ஃபுளோர்ஸ்பாரை முதல் கணக்காக எடுத்துக்கொள்வோம்.

அதன் நிறையில் 51.3 சதவீதம் கால்சியம், 48.7 சதவீதம் ஃபுளூரின். ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்பதால் அணுக்களும் ஒன்றுக்கு ஒன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு கிலோ பெங்களூரா மாங்காயும் ஒரு கிலோ நெல்லிக்காயும் எண்ணிக்கையில் சமமாகுமா? சதவீதம் நிறையைச் சொல்கிறது. ஒரு சேர்மத்தில் எந்த அணு எத்தனை என்று காட்டும் வாய்பாட்டுக்கு வேண்டியது எண்ணிக்கை.

முதற்படியாக, சேர்மம் 100 கிராம் இருப்பதாகக் கொண்டால் சதவீதங்கள் அப்படியே கிராம்களாகிவிடும். அடுத்து, ஒவ்வொரு தனிமத்தின் நிறையையும் அதன் அணு நிறையால் வகுக்க வேண்டும். கால்சியம்: 51.3 ÷ 40.1 = 1.279 மோல் (மோல் என்பது அணுக்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு). ஃபுளூரின்: 48.7 ÷ 19.0 = 2.563 மோல். பின்னர் இவற்றுள் சிறிய எண்ணால் இரண்டையும் வகுத்தால் 1, 2.00 எனக் கிடைக்கும். எனவே ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஃபுளூரின். இதுவே எளிய விகித வாய்பாடு. எழுதும்போது ஃபுளூரினின் வலக் கீழோரத்தில் 2 இடுவோம். கால்சியத்துக்கு 1 என்று எழுதும் வழக்கமில்லை.

எல்லாக் கணக்கும் இவ்வளவு நேராக முடிவதில்லை. தென்பெண்ணையின் உலர்ந்த மணலில் காந்தத்தைப் புரட்டி எடுத்தால், முனையில் மயிர் சிலிர்த்ததுபோல் ஒட்டிக்கொண்டு வரும் கருந்துகள்கள் பெரும்பாலும் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். அதில் இரும்பு 72.4, ஆக்சிஜன் 27.6 சதவீதம். முறையே 55.85, 16.00 ஆகியவற்றால் வகுத்தால் 1.296, 1.725, விகிதம் 1 : 1.33. மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். 1.33 என்பதை 1 என்று முழுமையாக்கினால் வேறொரு சேர்மத்தின் வாய்பாடு வந்துவிடும். 1.99, 2.02 போன்றவற்றை முழுமையாக்கலாம்; .33 அல்லது .67 வந்தால் எல்லா எண்களையும் 3 ஆலும், .5 வந்தால் 2 ஆலும், .25 அல்லது .75 வந்தால் 4 ஆலும் பெருக்க வேண்டும். இங்கே 3 ஆல் பெருக்கினால் இரும்பு 3, ஆக்சிஜன் 4. இடைப்படிகளில் மூன்று தசம இடங்களையாவது வைத்துக்கொள்ளுங்கள். விடையைச் சரிபார்ப்பதும் எளிது: இரும்பின் நிறை 3 × 55.85 = 167.55, அதனுடன் ஆக்சிஜனின் 4 × 16.00 சேர்ந்தால் மொத்தம் 231.55; 167.55 ÷ 231.55, அதாவது 72.4 சதவீதம் இரும்பு. தொடங்கிய எண்ணே திரும்பி வருகிறது.

மூலக்கூறுகளாக இருக்கும் சேர்மங்களுக்கு இன்னொரு படி உண்டு. மாம்பழத்தில் இனிக்கும் ஃப்ரக்டோஸில் கார்பன் 40.0, ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3 சதவீதம். மேற்கண்ட முறைப்படி விகிதம் 1 : 2 : 1 என்று வரும். வினிகரின் அசிட்டிக் அமிலத்துக்கும், ஃபார்மலினில் கரைந்துள்ள ஃபார்மால்டிஹைடுக்கும் இதே விகிதம்தான்! இவற்றைப் பிரித்தறிய மோலார் நிறை, அதாவது ஒரு மோல் சேர்மத்தின் நிறை, தனியே தெரிந்திருக்க வேண்டும். எளிய விகித வாய்பாட்டின் நிறை 30. மோலார் நிறையை இதனால் வகுத்தால் ஃபார்மால்டிஹைடுக்கு 1, அசிட்டிக் அமிலத்துக்கு (60) 2, ஃப்ரக்டோஸுக்கு (180) 6. அந்த எண்ணால் ஒவ்வொன்றையும் பெருக்கினால் ஃப்ரக்டோஸின் மூலக்கூறு வாய்பாடு கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6 ஆகும். குளுக்கோஸுக்கும் இதே வாய்பாடுதான். அவ்விரண்டின் வேறுபாடு அணுக்கள் பிணைந்துள்ள அமைப்பில் இருப்பதால், இந்தக் கணக்கில் அது தெரியாது.