பழைய ஷேல் கிணற்றுக்கு உயிரூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வடக்கு டகோடாவின் பாக்கன், டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு வயல்களில் 2010-ஐ ஒட்டி ஷேல் எனும் இறுகிய படிவுப் பாறையில் தோண்டிய எண்ணெய்க் கிணறுகள் பலவும் இன்று தள்ளாடுகின்றன. முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கு மேல் சரிந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வருவது இவ்வகைக் கிணறுகளின் இயல்பு. ஆனால் பாறையில் உள்ள எண்ணெயில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் வெளியே வந்திருக்காது. அந்த மிச்சத்தின் மேல் வைத்த ஆசைதான் அவசர முடிவுகளுக்குக் காரணம்.

உற்பத்தி எதனால் குறைந்தது என்று பார்க்காமலேயே மறு ஃப்ராக்கிங்குக்கு, அதாவது நீரையும் மணலையும் உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை மறுபடி உடைப்பதற்கு, பணம் ஒதுக்குவது முதல் தவறு. பாக்கனில் எண்ணெயோடு வரும் நீர் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பானது. மேலே வரவர அழுத்தமும் வெப்பமும் குறைந்து, உப்பு படிகமாகிக் குழாயிலும் பம்பிலும் ஒட்டிக்கொள்கிறது. அங்கே நன்னீர் விட்டுக் கரைத்தாலே உற்பத்தி ஓரளவு மீளலாம். வேறு இடங்களில் மெழுகு படிந்திருக்கும்; அல்லது பம்பு தேய்ந்திருக்கும். சில ஆயிரம் டாலரில் முடிகிற வேலைக்குச் சில மில்லியன் டாலர் செலவழிப்பதை என்னவென்று சொல்வது?

குழாய் சரியாக இருந்தும் வரத்து இல்லை என்றால்தான் பாறைப் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் மிக மோசமான கிணற்றையே முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். பாறையே சரியில்லாத இடத்தில் எத்தனை முறை உடைத்தாலும் பயனில்லை. நல்ல பாறையில் பழைய பாணியில் உடைத்த கிணறுதான் தேட வேண்டியது. அன்று, பாறைக்கு வழி திறக்கக் குழாயில் போடும் துளைத் தொகுப்புகளுக்கிடையே அறுபது, நூறு அடி விடுவது சாதாரணம்; மணலும் குறைவு. இன்று இருபது அடி அளவுக்கு நெருக்கிவிட்டார்கள். இடையில் தொடப்படாமல் நிற்கும் அந்தப் பாறைதான் இலக்கு.

அதை எட்டும் வழியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மேலிருந்து நீரையும் மணலையும் நேராக அழுத்தி அனுப்புவது மலிவு. ஆனால் நீர் எளிதான வழியையே தேடும். ஏற்கெனவே எண்ணெய் எடுத்து அழுத்தம் இழந்த பழைய வெடிப்புகளுக்குள்ளேயே போய் நிற்கும். கரையும் துகள்களை அனுப்பிப் பழைய துளைகளை அடைப்பதுண்டு. எந்தத் துளை அடைபட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய குழாய்க்குள் சிறிய குழாயை இறக்கி, சிமெண்ட் இட்டு, புதிய துளைகள் போட்டுப் பகுதி பகுதியாக உடைப்பது நம்பகமானது. செலவு அதிகம், உள்விட்டம் குறுகுவதால் உராய்வு கூடி, நீர் செலுத்தும் வேகமும் குறையும். பழைய குழாய் எங்காவது நசுங்கியிருந்தால் சிறிய குழாய் இறங்கவே இறங்காது. அளவுக் கருவியை இறக்கிப் பார்த்துவிட்டே குழாய்க்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் மறந்துவிடக் கூடாது. எண்ணெய் எடுத்த பகுதியில் அழுத்தம் தாழ்ந்திருப்பதால், ஒரு கிணற்றில் உண்டாக்கும் வெடிப்பு அந்தப் பக்கமே ஓடி, அண்டைக் கிணற்றை நீராலும் மணலாலும் நிரப்பிவிடும். அண்டைக் கிணற்றை முன்கூட்டியே மூடி வைப்பது, அதற்குள் நீர் செலுத்தி அழுத்தத்தை ஏற்றி வைப்பது ஆகியவை வழக்கமான தற்காப்பு. பக்கத்தில் புதிய கிணறு வரப்போகிறது என்றால், அதற்குச் சற்று முன் பழையதை மறுபடி உடைப்பது ஒரே செலவில் இரண்டு காரியம்: பழையதில் வரத்தும் கூடும், அங்கே அழுத்தம் ஏறுவதால் புதியதன் வெடிப்பு அந்தப் பக்கம் ஓடுவதும் குறையும்.

மரபான வயல்களில் பழகியவர்கள் ஒரு கிணற்றில் நீரைச் செலுத்தி இன்னொன்றில் எண்ணெய் எடுக்க நினைப்பார்கள். ஷேலின் நுண்துளைகளுக்குள் நீர் நகர்வது மிகக் கடினம். வெடிப்பு வழியே குறுக்கே பாய்ந்து மறுபக்கம் நீராகவே வரும். அதனால்தான் ஈகிள் ஃபோர்டில் இ.ஓ.ஜி. நிறுவனம் ஒரே கிணற்றில் எரிவாயுவைச் செலுத்தி, மூடி வைத்து, பிறகு அதே கிணற்றிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையை 2016-இல் அறிவித்தது. வாயுவை ஓரிடத்தில் அடக்கி வைக்கும் பாறையமைப்பு இல்லாத வயலில் இதை நகலெடுப்பது வீண்.

கடைசியாக, கணக்கு. சில வாரம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் ஒன்றும் செய்யாமலே சில நாள் அதிகம் வரும்; அதை மறு ஃப்ராக்கிங்கின் பலன் என்று எண்ணக் கூடாது. நாளுக்கு 40 பீப்பாய் தந்த கிணறு மறு ஃப்ராக்கிங்குக்குப் பின் 300 தருகிறது, ஆறாம் மாதம் 110-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். லாபக் கணக்கில் சேர வேண்டியது 300 அல்ல, 110-உம் அல்ல. தொடாமல் விட்டிருந்தால் அந்த மாதம் வந்திருக்கக்கூடிய 35 பீப்பாயைக் கழித்து வரும் 75-தான்.