இங்கிலாந்து பாரிஷ் திருமணப் பதிவேடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியை யாராவது என்னிடம் காட்டினால், நான் முதலில் பார்ப்பது, பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் இருந்த ஊர்ப்பகுதி) வைத்திருந்த திருமணப் பதிவைத்தான். புதிதாகத் தேட வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறார்கள், அதுவும் அதே பழைய இடங்களில். மங்கிய மை, புரியாத கையெழுத்து, லத்தீன் சுருக்கங்கள் எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'இந்த பாரிஷைச் சேர்ந்தவர்' என்பதைப் பிறந்த ஊராக எடுத்துக்கொள்வது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு திருமணங்களுக்குத் தனிப் பதிவேடு. மணமக்கள் பெயர், அவர்களுடைய பாரிஷ், ஓலை வாசித்து (தேவாலயத்தில் மூன்று ஞாயிறு கல்யாணத்தை அறிவித்து) நடந்ததா லைசென்ஸ் (ஓலை இல்லாமல் மணக்க அனுமதி) வாங்கி நடந்ததா என்ற விவரம், மணமக்களின் கையெழுத்து அல்லது எழுதத் தெரியாதவர் போட்ட கீறல், இரண்டு சாட்சிகள், அவ்வளவுதான். தகப்பன் பெயர் கிடையாது. வயதும் கிடையாது. அவை 1837 ஜூலைக்குப் பிறகுதான் வந்தன. ஆகவே முன்னோரைத் தேடுகிறவர் கண்ணில் படும் ஒரே துப்பு, 'இந்த பாரிஷைச் சேர்ந்தவர்' என்ற சொற்றொடர். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆர்வமுள்ள ஒரு தம்பி 1790களில் நடந்த ஒரு திருமணத்தை இப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பெயர் ஜான். அதே ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டில் அதே பெயரில் ஒரு குழந்தை, வயதும் பொருந்துகிறது. அந்தக் குழந்தையின் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று 1600கள் வரை ஏறிவிட்டார். அடக்கப் பதிவேட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இறந்தவர்கள் பக்கம் எதற்கு என்றார். சேர்ந்தே புரட்டினோம். அந்தக் குழந்தை இரண்டு வயதில் இறந்து அங்கேயே அடக்கமாகியிருந்தது. மேலே இருந்த அத்தனை தலைமுறையும் யாரோ ஒருவருடைய முன்னோர்கள். இதற்குள் அவருடைய உறவினர்கள் அதைப் பிரதியெடுத்துப் பகிர்ந்துவிட்டார்கள். இனி அதைத் திருத்தி முடிப்பது யாரால் ஆகும்?

அந்தச் சொற்றொடர் காட்டுவது திருமண நேரத்து இருப்பிடத்தை மட்டுமே. ஓலை வாசிக்கும் மூன்று ஞாயிறுகள் அங்கே தங்கியிருந்தாலே பல குருமார்களுக்குப் போதுமானதாக இருந்தது. லைசென்ஸ் வாங்க இருவரில் ஒருவர் நான்கு வாரம் குடியிருந்தால் போதும். 1823 சட்டம் அதைப் பதினைந்து நாளாகக் குறைத்தது. கல்யாணம் முடிந்த பிறகு, அவர்கள் அங்கே குடியிருந்தார்களா என்று கிளறி அதைச் செல்லாததாக்க முடியாது என்று ஹார்ட்விக் சட்டமே சொன்னது. அப்படியிருக்க, துருவித் துருவி விசாரிக்க குருவானவருக்கு என்ன அவசியம்? பண்ணை வேலைக்கு வந்தவன், பட்டாளத்துக்காரன், வீட்டு வேலைக்காரி எல்லோரும் 'இந்த பாரிஷ்' ஆனார்கள்.

சரி, எப்படி உறுதி செய்வது? பெயர் பொருந்தும் ஞானஸ்நானம் கிடைத்ததும், அந்தக் குழந்தை பிழைத்ததா என்று அடக்கப் பதிவேட்டில் பாருங்கள். சுற்றியுள்ள பாரிஷ்களில் அதே பெயர்க்காரர்கள் உண்டா என்று தேடுங்கள். மாப்பிள்ளை 1851 வரை உயிரோடு இருந்திருந்தால் அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த பாரிஷ் இருக்கும்; 1841 கணக்கில் அதே கவுன்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) பிறந்தவரா என்பது மட்டும்தான். முன்னோர் ஏழை என்றால் இன்னொரு நல்ல வழி உண்டு. உதவி கேட்டு வந்தவரை எந்த பாரிஷ் பராமரிக்க வேண்டும் என்று முடிவு செய்ய, மாஜிஸ்திரேட் சத்தியம் வாங்கி விசாரித்தார்: எங்கே பிறந்தாய், எங்கே தொழில் பழகினாய், எங்கே ஒரு வருடம் வேலை செய்தாய். அந்த வாக்குமூலம் கிடைத்தால் அரை வாழ்க்கையே கையில் கிடைத்த மாதிரி.

லைசென்ஸைத் திருமணமாக எண்ணுவது

லைசென்ஸ் என்பது அனுமதி மட்டுமே. ஷேக்ஸ்பியரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1582 நவம்பர் 27 அன்று வூஸ்டர் பிஷப்பின் பதிவேட்டில், லைசென்ஸ் குறிப்பில் அவர் பெயரோடு இருப்பது டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லி. அந்த லைசென்ஸுக்காக மறுநாள் எழுதிய 40 பவுண்டு ஜாமீன் பத்திரத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே. எழுத்தர் பெயரைத் தவறாக எழுதிவிட்டார் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். கல்யாணம் எந்தத் தேவாலயத்தில் நடந்தது என்பதற்குப் பதிவு இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயப் பதிவேடு 1558இலிருந்து இருக்கிறது, அதிலும் இல்லை. மூத்த மகள் சூசன்னாவின் ஞானஸ்நானம் மட்டும் 1583 மே 26 தேதியில் இருக்கிறது. இவ்வளவு ஆராயப்பட்ட மனிதருக்கே இந்த நிலை.

1752க்கு முந்தைய ஜனவரி முதல் மார்ச் வரை

அப்போது புது வருடம் மார்ச் 25இல் பிறந்தது. பதிவேட்டில் 1715 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் 1716. இரண்டையும் எழுதி வையுங்கள்.

சாட்சிகள்

பெயர்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அவர் பெரும்பாலும் தேவாலய கிளார்க், சொந்தக்காரர் அல்ல.

ஒரு பாரிஷ் ஓலையோடு நிறுத்துவது

மணமக்கள் வெவ்வேறு பாரிஷ் என்றால் இரண்டிலும் ஓலை வாசித்திருப்பார்கள். இரண்டையும் பாருங்கள்.

பதிவேட்டில் இல்லை என்றதும் கைவிடுவது

1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் பதிவேடு வைக்க உத்தரவிட்டாலும், தொடக்கக் காலத்துத் தாள் ஏடுகள் பல அழிந்துவிட்டன. உள்நாட்டுப் போரின்போதும் அதை ஒட்டியும், 1640களிலும் 1650களிலும், பல ஊர்களில் இடைவெளி விழுந்தது. ஆனால் 1598 முதல் ஒவ்வொரு வருடமும் ஒரு பிரதி பிஷப்புக்குப் போக வேண்டும் என்று விதி இருந்தது. மூல ஏடு போன இடத்தில் அந்தப் பிரதி கவுன்டி ஆவணக் காப்பகத்தில் கிடைக்க வாய்ப்புண்டு. லண்டன்காரர்கள் என்றால், 1754க்கு முன் ஃப்ளீட் சிறைச்சாலையைச் சுற்றி ஓலையும் லைசென்ஸும் இல்லாமல் நடந்த கல்யாணங்களின் குறிப்பேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் முன்தேதியிட்ட பதிவுகளும் உண்டு. வேறு ஆதாரம் சேராமல் அந்தத் தேதிகளை ஏற்காதீர்கள்.