அடுப்போடு மூன்று நாள்: வேலூரிலிருந்து குடும்ப வேன் டூர் போடுவது எப்படி

பன்னிரண்டு பேர், ஒரு வேன், மூன்று நாள், பாதிச் சாப்பாடு நாமே சமைப்பது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நம்ம பக்கம் போடுகிற இந்த மாதிரி டூர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சொதப்பும். பார்க்கிற இடங்களை எல்லாம் பட்டியல் போட்டுவிட்டு, சாப்பாட்டை ‘வழியில பாத்துக்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். பன்னிரண்டு பேருக்குச் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, திரும்ப வண்டியில் ஏற்ற இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளில் இரண்டு முறை அடுப்பு மூட்டினால் ஐந்து மணி நேரம் போச்சு. எனவே அடுப்பு எங்கே மூட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சுற்றிப் பார்ப்பது அதற்கு ஏற்ப அமையட்டும்.

தூரம்

நாலுவழிச் சாலையில் சாமானோடு போகிற வேனுக்கு, நிறுத்தங்களைக் கழித்து மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவழிச் சாலையில் 35, மலைப்பாதையில் 20. சமைக்கிற நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் போட வேண்டாம்.

உதாரணத்துக்கு ஒகேனக்கல், ஏற்காடு என்று வைப்போம். முதல் நாள் வேலூரிலிருந்து வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 215 கிலோமீட்டர். அன்றைக்குச் சமையல் கிடையாது, கட்டுச்சோறுதான் என்பதால் இந்தக் கூடுதல் தூரம் தாங்கும். இரண்டாம் நாள் மேட்டூர், சேலம், ஏற்காடு. தூரம் 150-க்குள் முடிந்துவிடும், நடுவில் நிதானமாக உட்காரலாம். மூன்றாம் நாள் சேலத்தில் இறங்கி அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக வீடு. ஊர் சுற்றலையும் சேர்த்தால் மொத்தம் 600-ஐ ஒட்டி வரும்.

மூட்டுவலிக்காரர்கள் அதிகம் இருந்தால் மலையே வேண்டாம். திருவண்ணாமலை, செஞ்சி, புதுச்சேரி என்று சமதளமாகப் போகலாம். ஆனால் பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் திருவண்ணாமலை வழியே வண்டி விடாதீர்கள். ஆடி வெள்ளியில் படவேடு போகிற கூட்டம் கண்ணமங்கலம் சாலையையே அடைத்துவிடும்.

வேன் பிடிப்பது

பன்னிரண்டு பேர் என்றால் 12 சீட்டு வேன் போதும் என்று தோன்றும். சமையல் சாமான் இல்லாவிட்டால் போதும்தான். அடுப்போடு போகிறவர்களுக்கு 17 சீட்டு எடுத்து, மீதி சீட்டுகளைச் சாமானுக்கு விடுவதே நிம்மதி. ஒரு செலவு கூடும்: டிரைவர் நீங்கலாக 12 பேர் வரை ஏற்றும் வண்டிக்கு டோல்கேட்டில் கார் கட்டணம், அதற்கு மேல் மினி பஸ் கட்டணம். பள்ளிகொண்டா, வாணியம்பாடி என்று ஆரம்பத்திலேயே இரண்டு டோல் வந்துவிடுவதால் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகை இரண்டு விதம். கிலோமீட்டர் ரேட் என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை என்று ஒரு கணக்கு இருக்கும், பெரும்பாலும் 250. மூன்று நாளைக்கு 750 ஆகிறது. நீங்கள் ஓடுவதோ 600. ஓடாத 150 கிலோமீட்டருக்கும் பணம் கட்டுவீர்கள். நாள் வாடகை பேசி டீசல் நாமே போடுகிற முறை இப்படி மெதுவாகப் போகிற டூருக்குக் கட்டுப்படியாகும். ஏசி போட்டு ஆள் நிரம்பிய வேன் லிட்டருக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் தரும். 600-க்கு 75 லிட்டர் வரை ஒதுக்குங்கள். கிளம்பும்போது டேங்க் நிரப்பி, திரும்பி வந்து அதே பங்க்கில் நிரப்புவதுதான் சண்டை வராத கணக்கு.

முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து ஷெட் வரையா, நம் வீட்டு வாசலிலிருந்தா? நாள் என்பது இரவு 12-க்கு முடிகிறதா, 24 மணி நேரமா? இரவு 10 மணிக்குக் கிளம்பி, அந்த இரண்டு மணி நேரத்துக்கு முழு நாள் வாடகை கொடுக்கிறவர்கள் ஏராளம். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா யார் தலையில்? எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

மஞ்சள் போர்டு வண்டிதான் எடுக்க வேண்டும். தெரிந்தவருடைய வெள்ளை போர்டு வேன் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். பதிவு எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி எது வரை இருக்கிறது என்று தெரியும். வெளி மாநிலம் போவதாக இருந்தால் பர்மிட்டையும் பாருங்கள். காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டையிலேயே நம் மாநிலம் முடிந்துவிடுகிறது. திருப்பதிதானே என்று கிளம்பிய வண்டியும் அங்கே பர்மிட் இல்லாமல் நிற்கும். அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் உள்ள வண்டி என்றால் அந்தத் தொல்லை இல்லை.

டயரையும் நேரில் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேல் வரிகள்) தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அந்த டயரோடு மலை ஏறக் கூடாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள்.

அடுப்பு

முதல் தேர்வு, சமையலறையோடு கூடிய காட்டேஜ். ஏற்காட்டில் அப்படிக் கிடைக்கும். பாத்திரம், கேஸ் இரண்டும் உண்டா என்று போனிலேயே கேளுங்கள். வெறும் மேடையும் சிங்க்கும் மட்டும் இருப்பதையும் ‘கிச்சன்’ என்பார்கள்.

கேஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 5 கிலோ சிலிண்டர் போதும். ஒரு பர்னர் மணிக்கு 150 முதல் 200 கிராம் எரிக்கும். இரண்டு பர்னரில் ஒன்றரை மணி நேரம் வீதம் நான்கு வேளை சமைத்தாலும் இரண்டரை கிலோவைத் தாண்டாது. வேன் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் கூடாது என்றால் வற்புறுத்த வேண்டாம், சமையலறை உள்ள இடமாகத் தேடுங்கள். ஓடும்போது ரெகுலேட்டர் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி வைத்து, உருளாமல் கட்டியிருக்க வேண்டும். வெயில் படுகிற கேரியரில் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையோடு தங்கும். கொஞ்சம் வாடை அடித்தாலும் எல்லாரும் இறங்கி, கதவு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். ரெகுலேட்டர் மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அடுப்பு மூட்டாதீர்கள்.

மழையோ காற்றோ, வண்டிக்குள் அடுப்பு கூடவே கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து உயிர்கள் போனது உள்ளே கேஸ் அடுப்பு மூட்டியதால்தான். காற்றுக்கு மறைப்பாக மடக்குகிற தகரத் தட்டிகள் இரண்டு கொண்டுபோங்கள், அடுப்பின் இரண்டு பக்கம் நிறுத்தினால் போதும். நான்கு பக்கமும் அடைத்தால் சூடு சிலிண்டர் டியூபில் இறங்கும்.

எங்கே மூட்டுவது? தங்குமிடத்தின் பின்பக்கம், ஆள் இருக்கிற தோப்பு (கேட்டுவிட்டு), கல்யாண மண்டபச் சமையற்கட்டு. மலைப்பாதை ஓரத்தில் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம். போதாததற்குக் குரங்கு வேறு. நெடுஞ்சாலை ஓர மரத்தடி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பின்னால் வருகிற லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

சாப்பாடு

முதல் நாள் காலைக்கு மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லி, ஆளுக்கு ஐந்து. தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் பத்து மணிக்குள் புளித்துவிடும். மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும். ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் புளி, 200 மில்லி நல்லெண்ணெய். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து வரும்வரை வற்ற வேண்டும், சாதம் ஆறிய பிறகே கிளற வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்க்கிற நீர்தான் முதலில் கெடுக்கும். தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து, இரண்டு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள். மதியத்துக்குள் தானே தோய்ந்து புளிக்காமல் இருக்கும்.

மதியம் கட்டுச்சோற்றுக்குப் பதில் மீன் வேண்டும் என்றால், ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பும் வறுவலுமாகச் செய்து தருகிற சமையல் அக்காக்கள் இருக்கிறார்கள். 11 மணிக்குள் போய்ச் சொல்லிவிட்டால் இரண்டு மணிக்குச் சாப்பாடு. கூலி, மசாலா, எண்ணெய் எல்லாம் சேர்த்தா தனித்தனியா என்று முதலிலேயே பேசுங்கள். காவிரியில் நீர்வரத்து அதிகமானால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன்தினச் செய்தியில் எத்தனை கன அடி, தடை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை வெண்பொங்கல்: ஒரு கிலோ அரிசி, 350 கிராம் பாசிப்பருப்பு. இதை 8 லிட்டர் குக்கரில் திணித்தால் பொங்கி விசில் அடைத்துக்கொள்ளும். 12 லிட்டர் வேண்டும், இல்லையென்றால் இரண்டு தடவையாக வையுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரம் பிடிக்கும். அங்கே குக்கர்தான், அதிலும் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். உப்புமா போட்டால் தலைக்கு 100 கிராம் ரவை. காய்கறி, பால் வழியில் வாங்குங்கள். வீட்டிலிருந்து மூட்டை கட்ட வேண்டாம்.

குடிக்கிற தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர். கத்திரி வெயிலில் நான்கு. அதாவது ஒரு நாளைக்கு இரண்டு 20 லிட்டர் கேன், மே மாதத்தில் மூன்று. பாத்திரம் கழுவத் தனியாக 40 லிட்டர் இருந்தால் குழாய் இல்லாத இடத்திலும் சமாளிக்கலாம்.

ஏற்றுவது

கேன் ஒன்றே 20 கிலோ. டிக்கியில் ஏற்றுவது சுலபம் என்று எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள். பின் சக்கரத்துக்கு வெளியே கனம் தொங்கினால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடி குறையும், வளைவில் வால் ஆடும். தண்ணீர், அரிசி, குக்கர் எல்லாம் பின் சக்கரத்துக்கு முன்னால், தரையோடு. டிக்கிக்கு அடுப்பு, பாய், லேசான பாத்திரம். கேரியரில் துணிப் பைகள் மட்டும், தார்ப்பாய் போட்டு. பி.பி., சுகர் மாத்திரைப் பை யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும். இன்சுலினை ஐஸ்பெட்டியில் வைத்தால் ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றுங்கள், உறைந்தால் அது வீண். வேன் படி உயரம், பாட்டிகள் ஏற ஒரு முக்காலி மறக்காதீர்கள்.

ஓடும்போது

காலை 5 மணிக்குப் புறப்பட வேண்டும் என்றால் டிரைவரிடம் 4.30 சொல்லுங்கள், சாமானை முந்தின இரவே ஏற்றுங்கள். ஐந்துக்குக் கிளம்பினால் ராகு காலச் சண்டையும் வராது. திங்கட்கிழமை ஏழரை மணிக்குக் கிளம்புகிற வீட்டில்தான் அது வரும்.

தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதுவது அடிக்கடி நடப்பது. மேட்டூர் வழியாகப் போனால் அதைத் தவிர்த்துவிடலாம். இந்த வழியைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சூட்டு முள் உயர்ந்தால் ஏசியை நிறுத்துங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கருகிய வாடை வரும், வந்தால் அகலமான இடத்தில் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட வேண்டும். மேலே ஐந்து மணிக்குள் போய்விடுங்கள், பனி இறங்கினால் வளைவு தெரியாது. மே மாதக் கோடை விழா சமயத்தில் போக்குவரத்தை ஒருவழி ஆக்கி, குப்பனூர் பாதையில் திருப்பிவிடுவதும் உண்டு.

வாந்தி எடுக்கிற பிள்ளையைக் கடைசி சீட்டில் உட்கார வைக்காதீர்கள், ஆட்டம் அங்கேதான் அதிகம். முன்வரிசை, ஜன்னல் திறந்து, வெறும் வயிறும் இல்லாமல் நிறைந்த வயிறும் இல்லாமல். போன் பார்க்கவிடக் கூடாது.

டிரைவருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 சொன்னதும் அதுதான். நாம் சாப்பிடும்போது அவரும் சாப்பிட வேண்டும், இரவு அவருக்குப் படுக்க இடம் வேண்டும். சீட்டில் தூங்கிய டிரைவரோடு மறுநாள் மலை இறங்குவதைவிட அறை வாடகை மலிவு. இரவு 2 முதல் 5 வரை வண்டி ஓட்ட வைக்காதீர்கள், கூடப் பேசிக்கொண்டு வருவதாகச் சொன்ன மச்சானும் அப்போது தூங்கியிருப்பார்.

திரும்பி வந்ததும் முதலில் பங்க்குக்குப் போய் டேங்க் நிரப்புங்கள். டோல் மெசேஜ்களைப் பார்த்துக் கூட்டி, பேட்டாவோடு சேர்த்து அங்கேயே கணக்கை முடியுங்கள், மறுநாள் என்று தள்ளினால் யாருக்கும் நினைவு இருக்காது. வேனை அனுப்பும் முன் சீட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சார்ஜர், ஒற்றைச் செருப்பு, குக்கர் வெயிட் மூன்றும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.