புது எஸ்யூவி எடுக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய கார் வாங்கி விற்பது என் தொழில். அதற்கு முன் ஒரு ஷோரூமில் புதுக் கார் விற்றிருக்கிறேன். அதனால் சில கார்களை இரண்டு முறை பார்க்க முடிகிறது. மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கோவில் வாசலிலிருந்து கிளம்பும்போது ஒரு முறை. நாலைந்து வருஷம் கழித்து, தவணை கட்ட முடியாமல் என் கடைக்கு வரும்போது இன்னொரு முறை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் மக்கள் செய்த அதே தவறுகளைத்தான் இன்றைய இளைஞர்களும் செய்கிறார்கள். அப்போது சாகா, வீரா கார்கள். இப்போது எக்ஸ்50, அத்திவா, எச்ஆர்-வி. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்த்து வாங்குங்கள், இரண்டு இடத்தில் விலை கேளுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

"மாசம் நூறு வெள்ளி சொச்சம்தானே கூட"

இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் கோபம் வரும். தம்பி அடிப்படை ரகத்தைப் பார்க்கத்தான் வந்திருப்பார். விற்பனையாளர் விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டுக் கால்குலேட்டரை எடுப்பார். "பாஸ், மேல் ரகத்துக்கு மாசம் நூறு வெள்ளி சொச்சம்தான் கூட. குடும்பத்தோட ஒரு தடவை வெளியே சாப்பிடுற காசு. கண்ணாடிக் கூரை, 360 டிகிரி கேமரா, தோல் சீட்டு எல்லாம் வந்துடும்." தம்பி மனைவியைப் பார்ப்பார், மனைவி கூரையைப் பார்ப்பார். கையெழுத்து விழுந்துவிடும்.

அந்த நூறு சொச்சத்தைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு ரகத்துக்கும் விலை வித்தியாசம் 10,000 வெள்ளி (ரிங்கிட்), நிலை வட்டி 3 சதவீதம், தவணைக் காலம் 9 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 2,700 வெள்ளி. மொத்தம் 12,700. அதை 108 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 118 வெள்ளி வருகிறது. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை, தொகையை 108 துண்டாக வெட்டிக் காட்டினார். அதோடு முடியவும் இல்லை. காரின் மதிப்பு கூடுவதால் காப்புறுதி கூடும். மேல் ரகத்தில் பெரிய டயர் வந்தால், டயர் மாற்றும்போது அதன் விலையும் கூடும்.

இப்போது முழுக் காரையும் எடுத்துக்கொள்ளுங்கள். விலை 100,000 வெள்ளி, முன்பணம் 10,000, கடன் 90,000. அதே 3 சதவீத நிலை வட்டியில் 5 வருஷம் என்றால் மாதம் 1,725 வெள்ளி, வட்டி 13,500. 7 வருஷம் என்றால் மாதம் 1,296, வட்டி 18,900. 9 வருஷம் என்றால் மாதம் 1,058, வட்டி 24,300. 3 சதவீதம் என்று கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் நிலை வட்டி என்பது கடைசி மாதம் வரை முதலில் வாங்கிய 90,000க்கே போடப்படுகிறது. நிலுவை குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் பார்த்தால் இது ஏறத்தாழ 5.5 சதவீதம். ஷோரூம் மேசையில் இந்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

வட்டியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய அடி நாலாவது வருஷத்தில் விழுகிறது. செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பி காரை விற்க வந்தார். இரண்டாவது குழந்தை பிறந்து மனைவி வேலையை விட்டிருந்தார். நாலு வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர் என்பதால், பாதிக் கடன் முடிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு வந்தார். மேலே சொன்ன கணக்கையே வைத்துப் பாருங்கள். 48 மாதத்தில் 50,800 வெள்ளி கட்டியாகிவிட்டது. ஆனாலும் அன்று கடனை அடைக்க ஏறத்தாழ 55,000 முதல் 56,000 வரை தேவை. வட்டித் தள்ளுபடியை எந்த முறையில் கணக்கிட்டாலும் அந்தச் சுற்றில்தான் நிற்கும். சந்தையில் அந்தக் காருக்கு 50,000 கிடைத்தால், காரையும் கொடுத்துவிட்டுக் கையிலிருந்து ஐயாயிரம் ஆறாயிரம் பேங்குக்குக் கட்ட வேண்டும். "அண்ணே, அப்போ நான் இவ்வளவு நாள் கட்டினது எங்கே போச்சு?" என்று கேட்டார். ஆரம்ப வருஷத் தவணையில் பெரிய பங்கு வட்டிக்கே போகிறது என்பதை என் கடையில் உட்கார்ந்துதான் அவர் தெரிந்துகொண்டார். அன்று அவருக்குப் பிடித்திருந்த கண்ணாடிக் கூரைக்கு நான் தனியாக ஒரு வெள்ளிகூடக் கூட்டித் தர முடியவில்லை. பழைய கார் சந்தையில் வருஷம், ஓடிய தூரம், விபத்து இல்லாத உடல், சர்வீஸ் புத்தகம் இவைதான் விலை பேசும். வசதிகள் விற்பதைச் சுலபமாக்கும், விலையை ஏற்றுவது குறைவு.

நம் ஊருக்கே உரிய இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. கடன் கேட்கும்போது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொடுப்போம். செம்பனை காய்ப்பு பொதுவாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சத்தில் இருக்கும். அந்த மாதங்களில் ஆலையிலும் தோட்டத்திலும் லோரியிலும் ஓவர்டைம் நிறைய. அந்தச் சீட்டைப் பார்த்துக் கடன் கிடைத்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் பழம் குறையும், ஓவர்டைமும் குறையும், தவணை மட்டும் குறையாது. ஆகவே உங்கள் கணக்கைப் பிப்ரவரி மாதச் சம்பளத்தில் போடுங்கள்.

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் பேங்க் காரை எடுக்க நடவடிக்கை தொடங்கலாம். முதலில் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்து 21 நாள் அவகாசம் தர வேண்டும். காரின் ரொக்க விலையில் 75 சதவீதத்துக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது. கடைசித் தவணை கட்டும்வரை கார் பேங்குடையது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேசையில் உட்கார்ந்ததும் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: 9 வருஷத்தில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன், நாலு வருஷம் முடிந்ததும் எவ்வளவு நிலுவை நிற்கும், இதே காரை 7 வருஷத்தில் எடுத்தால் மாதம் எவ்வளவு. ஏழு வருஷத் தவணையைத் தாங்க முடியாத ரகம் உங்களுக்கான ரகம் இல்லை. கீழ் ரகத்துக்கு வாருங்கள், அல்லது சின்ன காருக்கு வாருங்கள்.

டெபாசிட் இல்லாமல் கார்

சட்டம் குறைந்தது பத்தில் ஒரு பங்கு முன்பணம் கேட்கிறது. "ஒரு காசும் வேண்டாம்" என்று சொல்லி விலையை ஏற்றி எழுதும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எஸ்யூவி என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்று நம்புவது

இங்கே விற்கும் பெரும்பாலான குடும்ப எஸ்யூவிகளில் முன் சக்கரம் மட்டுமே இழுக்கும். அரூஸ், ரஷ் இரண்டும் பின் சக்கரத்தில் ஓடுபவை. உயரம் இருப்பதால் குழியைத் தாண்டலாம், மழை பெய்த செம்மண் ஏற்றத்தில் அது போதாது.

தார் ரோட்டு வசதிகளைத் தோட்டத்து ரோட்டுக்கு வாங்குவது

தடம் விலகாமல் பிடித்து ஓட்டும் வசதி வெள்ளைக் கோட்டைப் பார்த்து வேலை செய்கிறது. ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் தினமும் போகிறவருக்கு அது நல்ல துணை. தோட்டத்துக்குள் கோடு ஏது? முன்னால் தடை வந்தால் தானாகப் பிரேக் போடும் வசதிக்கு மட்டும் கூடக் கொடுக்கலாம், மோட்டார் சைக்கிள் நிறைந்த நம் ஊர் ரோட்டில் அது உயிரைக் காக்கும். ஆனால் இந்த வசதிகளின் கேமரா பெரும்பாலும் முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. லோரியிலிருந்து கல் தெறித்துக் கண்ணாடி உடைந்தால், புதுக் கண்ணாடி போட்ட பிறகு கேமராவையும் சரிபார்த்து அமைக்க வேண்டும். கண்ணாடிக்குக் காப்புறுதியில் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். சேருங்கள்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: காரின் பின்பக்கச் சாமான் அறையைத் திறந்தால் உள்ளே மாற்று டயர் இருக்கிறதா? பல ஹைபிரிட் (பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும்), மின்சார கார்களில் பசை அடிக்கும் பெட்டி மட்டும்தான் தருகிறார்கள். செம்பனை மட்டையின் முள் டயரின் அடிப்பகுதியில் குத்தினால் பசை தாங்கும். கல் பட்டு டயரின் பக்கவாட்டு கிழிந்தால் பசை உதவாது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தோட்டத்து ரோட்டில் சிக்னலும் இல்லாமல் நிற்கும்போதுதான் அது தெரியவரும். பெரிய சக்கர வட்டில் மெல்லிய டயர் போட்ட ரகங்கள் இப்படி அதிகம் கிழிகின்றன. 17 அங்குலமும் தடித்த டயரும் நம் ரோட்டுக்குப் போதும்.

அப்புறம், பாட்டியைக் கூட்டிப் போய்ப் பின் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முட்டி வலிக்காரருக்கு எஸ்யூவியின் உயரம் தினசரிப் பிரச்சினை. ஏழு சீட்டுக் காரில் மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்களோ, அவரையும் உட்கார வைத்துப் பாருங்கள்.

எண்ணெய்க் கணக்கை மற்றவர் சொல்லக் கேட்டு முடிவு செய்வது

புடி95 என்ற அரசின் பெட்ரோல் மானியத் திட்டம் பொதுமக்களுக்கு 2025 செப்டம்பர் 30இல் தொடங்கியபோது, குடியுரிமையும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ளவர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர் வரை. குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசியாக இருக்கும் சிவப்பு அடையாள அட்டைக்காரருக்கு இந்த விலை கிடையாது. நம் குடும்பங்களில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரை ஓட்டி எண்ணெய் ஊற்றப் போவது யார் என்பதை முதலில் பாருங்கள். விலையும் அளவும் அரசு எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை.

அந்த விலையில் ஹைபிரிட் கணக்கு இப்படி வரும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். 100 கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார் மாதம் 224 வெள்ளி கேட்கும். 5 லிட்டர் குடிக்கும் ஹைபிரிட் 149 வெள்ளி. மிச்சம் மாதம் 75 வெள்ளி. ஹைபிரிட்டுக்கு 15,000 வெள்ளி கூடக் கொடுத்திருந்தால், எண்ணெயில் அதைத் திரும்ப எடுக்க 16 வருஷத்துக்கு மேல் ஆகும். சத்தமில்லாத ஓட்டம், இழுவை இவற்றுக்காக ஹைபிரிட் எடுக்கிறேன் என்றால் சரி. எண்ணெய் மிச்சம் என்று மட்டும் எடுக்காதீர்கள். மாதம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவருக்குக் கணக்கு வேறு.

டீசல் விலை தீபகற்பத்தில் 2024 ஜூன் 10இல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது, அதன் பிறகு சந்தையோடு ஏறி இறங்குகிறது. நம் செம்பனையே அந்த டீசலில் கலந்திருக்கிறது, அதற்காக நமக்குச் சலுகை ஒன்றும் இல்லை. இன்னொன்று, புதிய டீசல் எஞ்சின்களில் புகைக்கரி வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து சந்தை என்று குட்டிப் பயணமாகவே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். பாரம் இழுக்காதவர் டீசல் பக்கம் போக வேண்டாம்.

மின்சார காருக்கு வீட்டில் சார்ஜ் செய்யும் இடம் இருக்க வேண்டும். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவர் தைரியமாக யோசிக்கலாம். தோட்டத்துக் குடியிருப்பில் இருப்பவர் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே பதிவு செய்யட்டும்.

பேட்டரி வாடகையை மறந்து கார் விலையை மட்டும் பார்ப்பது

பெரோடுவா கியூவி-இ என்ற மின்சார கார் 2025 டிசம்பரில் வந்தபோது விலை 80,000 வெள்ளி என்றார்கள். பேட்டரி அதில் சேராது, அதற்கு மாதம் 275 வெள்ளி வாடகை, 9 வருஷம். கூட்டினால் 29,700. தவணையோடு சேர்த்து ஒரே தொகையாகப் பாருங்கள்.

முழுக் காரையே லீஸுக்கு எடுக்கும் திட்டங்களும் வந்துவிட்டன. காப்புறுதி, ரோட்டெக்ஸ் (சாலை வரி), சர்வீஸ் பெரும்பாலும் மாத வாடகையிலேயே அடங்கிவிடும். இரண்டு வருஷ ஒப்பந்த வேலைக்கு வந்தவருக்கும், மாற்றல் வரப்போகும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். கையெழுத்துக்கு முன் தூர வரம்பைப் படியுங்கள். இங்கிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர், தினமும் போய் வந்தாலே மாதம் 1,500 தாண்டிவிடும். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு. செம்மண் ரோட்டுக் கீறலைத் "தேய்மானம்" என்று ஏற்றுக்கொள்வார்களா, "சேதம்" என்று பணம் கேட்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வெள்ளத்துக்குக் காப்புறுதி சேர்க்காமல் விடுவது

சாதாரண முழுக் காப்புறுதியில் பெரும்பாலும் வெள்ளம் சேராது. தனியாகச் சேர்க்க வேண்டும்.

மைத்துனரை ஜாமீன் போடச் சொல்வது

நீங்கள் கட்டாவிட்டால் பேங்க் அவரைத் தேடும். அவர் பெயர் கடன் பதிவில் ஏறும், பிறகு அவர் வீடு வாங்கப் போகும்போது அது குறுக்கே நிற்கும். ஜாமீன் இல்லாமல் உங்கள் சம்பளத்துக்குக் கிடைக்கும் கடன் எவ்வளவோ, அந்த அளவுக்குள் வரும் காரை எடுங்கள்.